செஞ்சிலந்தியின் நூற்குடில்

ஆடி மாதத்துக் காலைப் பொழுது. மேற்கே நுவரெலியாப் பக்கம் மழைமேகம் குவிந்து நிற்கின்றது. உடப்புசல்லாவையின் கிழக்குச் சரிவிலோ ஒரு துளியும் விழுவதில்லை. மேட்டைத் தாண்டி வந்த காற்று மட்டும் ஈரத்தையெல்லாம் அப்பால் இறக்கி வைத்துவிட்டு வறண்டு வீசுகின்றது. பெரட்டுக் கலைந்து, படங்கு கட்டி, கூடை சுமந்து நிரையில் இறங்கிய பெண்களுள் ஒருத்தி ஒரு செடியின் முன் சற்றே நிற்கின்றாள். அவள் பார்ப்பது கொழுந்தை அன்று. அதற்குக் கீழேயுள்ள முற்றிய இலையை. சென்ற சுற்றில் கரும்பச்சையாக இருந்த இலை, இன்று துலக்காத செப்புப் பாத்திரத்தின் நிறம் கொண்டிருக்கின்றது.

"அக்கா, இந்த நிரையில சிலந்தி விழுந்திருக்கு" என்று அடுத்த நிரைக்காரிக்குக் குரல் கொடுத்துவிட்டு அவள் கொழுந்தைக் கிள்ளத் தொடங்குகின்றாள். நின்று ஆராய்வதற்கு அவளுக்கு நேரமில்லை. பொழுது சாய்வதற்குள் நிறை சேர வேண்டும்.

அவள் சிலந்தி என்று சொன்னது வீட்டு மூலையில் வலை கட்டும் சிலந்தியை அன்று. செஞ்சிலந்தி என்றும், தமிழ்நாட்டு உழவர்களிடையே செம்பேன் என்றும் வழங்கும் சிற்றுண்ணி இது. பூச்சி என்று சொல்லுவது வழக்கமாயினும், முறைப்படி பூச்சியும் அன்று. பூச்சிக்குக் கால் ஆறு, இதற்கு எட்டு. ஆகவே சிலந்தி, தேள், நாய் உண்ணி ஆகியவற்றின் உறவுக்காரன். உருவமோ ஒரு மில்லிமீற்றரில் பாதியும் இல்லை. கூரிய பார்வையுடைய சிறுவன் ஒருவன் இலையை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தால், நடுநரம்பின் ஓரமாகச் செங்கற்பொடி தூவினாற்போலச் சில புள்ளிகள் தெரியும். அப்புள்ளிகளுள் ஒன்று நகர்ந்தால் அதுவே செஞ்சிலந்தி. கண்ணாடி வில்லை வைத்துப் பார்ப்போர்க்கு அதன் முன்னுடல் செந்நிறமாகவும் பின்னுடல் கருஞ்சிவப்பாகவும், முதுகில் நரைத்த மயிர்கள் சில நிற்பதாகவும் காணப்படும்.

இதன் வாயில் பல்லும் இல்லை, தாடையும் இல்லை. ஊசி போன்ற இரு முட்கள் உள்ளன. அவற்றை இலையின் மேற்பரப்பில் ஊன்றி, ஓர் அணுவறையில் உள்ள பச்சையத்தை உறிஞ்சிவிட்டு அடுத்த அறைக்குச் செல்கின்றது. ஒன்று குத்தினால் ஒரு வெளிறிய புள்ளி. நூறு குத்தினால் இலையில் சாம்பல் பூத்த தோற்றம். ஆயிரக்கணக்கில் குத்தினால் இலை முழுதும் செம்பு நிறமாகிக் காய்ந்து உதிர்கின்றது. இலை கிழியவில்லை, துளைபடவில்லை. இருந்த இடத்திலேயே இரத்தம் வற்றியவனைப் போல நிறம் மாறி நிற்கின்றது. புழு தின்ற இலையைப் பார்த்தால் எவரும் பகைவன் இன்னான் என்று அறிவர். செஞ்சிலந்தி குடித்த இலையைப் பார்த்து, "வெயில் சுட்டுவிட்டது" என்று சொல்லி நடந்தவர் எத்தனையோ பேர்.

இந்தச் சிற்றுயிரின் சிறப்பெல்லாம் அது நூற்கும் நூலில் இருக்கின்றது. தேயிலையைத் தாக்கும் சிற்றுண்ணிகள் பல. ஊதா நிறத்தது உண்டு. மஞ்சள் நிறத்தது உண்டு. கருஞ்சிவப்பாக இலையின் அடியில் ஒட்டிக் கிடப்பதும் உண்டு. இவற்றுள் நூல் நூற்று வீடு கட்டத் தெரிந்தது செஞ்சிலந்தி ஒன்றே. வீட்டுச் சிலந்திக்கு நூல் வயிற்றின் நுனியிலிருந்து வருகின்றது. இதற்கோ வாயருகே உள்ள உணர்கொம்பின் நுனியிலிருந்து வருகின்றது. முகத்தருகே நூலை இழுத்துக்கொண்டு நடப்பதால், அது சென்ற வழியெல்லாம் இழை கிடக்கும். ஒன்றன் இழைமேல் மற்றொன்றின் இழை. அதன்மேல் வேறொன்றின் இழை. எவரும் வரைபடம் போடவில்லை, எவரும் கட்டளையிடவில்லை. ஆயினும் சில நாட்களில் இலையின் மேல் மெல்லிய கூரை ஒன்று நெய்யப்பட்டுவிடுகின்றது. மற்றைச் சிலந்தி வலை கட்டுவது இரை பிடிப்பதற்கு. செஞ்சிலந்திக்கு இரை காலடியில் இருக்கின்றது. ஆதலால் அது நெய்வது வலையன்று, குடில்.

அக்குடிலின் கீழே ஒரு சிற்றூரின் வாழ்க்கை நடக்கின்றது. சிவந்த உருண்டை முட்டைகள் நரம்போரத்தில் ஒட்டியிருக்கும். அவற்றின் உச்சியில் மயிரிழை போன்ற ஒரு காம்பு நிற்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குக் கால் ஆறுதான். அது முதல் தோலை உரித்த பின்னரே எட்டுக்கால் உடையதாகின்றது. பின்னும் இரண்டு முறை தோலுரித்து முழுவளர்ச்சி அடைகின்றது. ஒவ்வொரு தோலுரிப்புக்கும் முன்னால் அசையாமல் ஓய்ந்து கிடக்கும். உரித்துப் போட்ட தோல்கள் வெள்ளைத் துகள்களாக நூலில் தொங்கும். இலையின்மேல் யாரோ மாவு சிந்தியதுபோலத் தோன்றுவது இந்தப் பழைய சட்டைகளே. பெண் கடைசித் தோலை உரிக்க ஓய்ந்திருக்கும்போதே, ஒடுங்கிய உடலுடைய ஆண் ஒன்று அதன் அருகே காவல் நிற்பதுண்டு.

இன்னொரு சூட்சுமமும் இவற்றிடம் இருக்கின்றது. ஆணைக் காணாத பெண்ணும் முட்டை இடும். அம்முட்டைகளிலிருந்து ஆண்களே பிறக்கும். ஆணைக் கூடிய பெண் இடும் முட்டைகளிலோ பெண்களும் பிறக்கும். ஆகவே காற்றில் தனித்து வந்து ஒரு புதிய செடியில் விழுந்த ஒரு கன்னிப் பெண்ணும் ஒரு குடியைத் தொடங்கக் கூடும். வெப்பம் மிகுந்த வறட்சியில் முட்டையிலிருந்து மறுமுட்டை வரை ஏறக்குறைய இரு வாரம் போதும். குளிர்ந்த உயரங்களில் மூன்று வாரமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு கொழுந்துச் சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் ஒரு மலை நிறம் மாறிவிடுவதன் கணக்கு இதுதான்.

தேயிலை ஒரு செடி என்றே மலைநாட்டுச் சிறுவர்கள் அறிவார்கள். உண்மையில் அது ஒரு மரம். அசாம், மியன்மார் எல்லைக் காடுகளில் மழைமரங்களின் நிழலில் வளரும் தேயிலை, வெட்டுவார் இல்லையாயின் நாற்பது ஐம்பது அடிகூட உயரும். அதனை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கவ்வாத்துக் கத்தியும் கொழுந்து பறிக்கும் விரல்களுமே. காட்டில் ஒரு தேயிலை மரத்துக்கும் அடுத்த தேயிலை மரத்துக்கும் இடையில் வேறு மரங்கள் பல நிற்கும். ஒரு மரத்தில் குடியேறிய சிற்றுண்ணி மறு மரம் தேடிப் போவதற்குள் வழியிலேயே மடியும். தோட்டத்திலோ மலையுச்சி முதல் ஆற்றோரம் வரை ஒரே இலை, ஒரே உயரம், கிளையோடு கிளை உரசும் நெருக்கம். காட்டைக் குனியவைத்து விரித்த பாய் என்றே தேயிலை மலையைச் சொல்லலாம். அப்பாயின்மேல் நடந்து செல்ல செஞ்சிலந்திக்குத் தடை ஏது?

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. தேயிலையின் பகைவனாகிய இவ்வுயிர் இன்றும் தன் விஞ்ஞானப் பெயரில் கோப்பியின் பெயரையே சுமக்கின்றது. ஒலிகோனைக்கஸ் காஃபியே என்பது அப்பெயர். காரணம் இதுதான். 1861ஆம் ஆண்டில் இலங்கை மலைநாட்டுக் கோப்பித் தோட்டக்காரராகிய ஜோன் நீட்னர் என்னும் ஜெர்மானியர், இலங்கையில் கோப்பி மரத்துக்குள்ள பகைவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதிக் கொழும்பில் வெளியிட்டார். அந்நூலில் கோப்பி இலையில் வாழும் இச்சிற்றுண்ணியை அவர் முதன்முதல் விவரித்துப் பெயரிட்டார். அப்பொழுது இலங்கையில் தேயிலைப் பயிர்த் தொழில் பிறக்கவே இல்லை. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பி இலைத் துரு நோய் 1869இல் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி வீழ்ந்தது. கோப்பி நின்ற மலைகளில் தேயிலை எழுந்தது. துரைமார் பலர் நொடித்துப் போயினர். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தும் போயும் இருந்த தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலையோடு இங்கேயே நிலைத்தனர். செஞ்சிலந்தியும் அவ்வாறே. பழைய பயிர் போயிற்று என்று அது அழவில்லை; புதிய இலையில் ஊசியை ஊன்றிற்று. மாவும், இறப்பரும், நிழலுக்கு நட்ட கிரெவிலியாவும்கூட அதற்கு ஆகும்.

தேயிலைக் காலத்தில் இவ்வுயிர்களை உற்று நோக்கியவருள் எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீனை மறத்தல் ஆகாது. உடப்புசல்லாவை இருக்கும் அதே நுவரெலியா மாவட்டத்தில், பூண்டுலோயாவில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர் அவர். 1890இல் தேயிலைச் செடியின் பூச்சிப் பகைகளைப் பற்றி நூல் வெளியிட்டார். ஊதாச் சிற்றுண்ணிக்கு விஞ்ஞானப் பெயர் இட்டவரும் அவரே. பின்னர் இலங்கை அரசாங்கத்தின் முதற் பூச்சியியலாளர் ஆனார். கணக்கேட்டையும் கொழுந்துத் தராசையும் பார்க்க வேண்டிய ஒருவர் கண்ணாடி வில்லையோடு இலைகளைப் புரட்டித் திரிந்ததை அக்காலத்து அயல் துரைமார் எப்படி எண்ணினரோ! 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டுத் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற பின்னர், இவ்வாராய்ச்சி தனிமனிதர் ஆர்வம் என்ற நிலையிலிருந்து ஒரு நாட்டின் கடமையாக உயர்ந்தது.

உடப்புசல்லாவைத் தேயிலைக்குத் தனிப் பெயர் உண்டு. இலங்கைத் தேயிலை நிலங்களை ஏழாக வகுக்கும்போது அதுவும் தனியொரு வட்டாரமாக எண்ணப்படுகின்றது. நுவரெலியாவுக்கும் ஊவாவுக்கும் இடைப்பட்ட இம்மலைகளுக்கு மார்கழியை ஒட்டிய வடகீழ்ப் பருவக்காற்று மழை தருகின்றது. தென்மேல் பருவக்காற்றோ மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருகின்றது. ஆனி பிற்பகுதி முதல் புரட்டாதி வரை வீசும் அந்தக் கச்சான் காற்றில் கொழுந்து மெதுவாக வளரும். மெதுவாக வளர்வதனாலேயே மணமும் சுவையும் அதில் செறியும். வியாபாரிகள் ஆவலோடு எதிர்பார்க்கும் பருவம் அது. செஞ்சிலந்தி எதிர்பார்க்கும் பருவமும் அதுவே. பெருமழை அதன் நூற்குடிலைக் கிழித்து முட்டையையும் குஞ்சையும் அடித்துச் செல்லும். மழையில்லா நாட்களில் அக்குடில் நாளுக்கு நாள் தடிக்கும். உயர்ந்த தேயிலையைத் தரும் காற்றே அத்தேயிலையின் இலையைச் செம்பாக்கவும் செய்கின்றது. ஒன்றை விரும்பி மற்றொன்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமை இம்மலைக்கு இல்லை.

நட்டம் எங்கே விழுகின்றது என்பதையும் பார்க்க வேண்டும். செஞ்சிலந்தி பெரும்பாலும் கொழுந்தைத் தொடுவதில்லை. அது குடிப்பது முற்றிய இலையை. ஆயின் முற்றிய இலையே செடியின் அடுக்களை. அங்கே சமைத்த உணவே கொழுந்தாக மேலே எழுகின்றது. அடுக்களையில் அடுப்பு அணைந்தால் பந்தியில் இலை போட்டு என்ன பயன்? அடுத்த சுற்றில் கொழுந்து தளர்கின்றது. அதற்கடுத்த சுற்றில் கூடை நிறைவதில்லை. தோட்டத்துக்கு அது வருமானக் கணக்கில் ஒரு வரி. கொழுந்து பறிப்பவளுக்கோ அது நாட்கூலி. குறித்த நிறை சேர்ந்தால் ஒரு பேர். சேராவிட்டால் அரைப்பேர் என்ற வழக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் மலைநாட்டு மக்கள். வெறுங்கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஓர் உயிர் இலையில் குடித்ததன் அளவு, மாலையில் தராசின் முன்னால் ஒரு பெண்ணின் முகத்தில் தெரிகின்றது.

அவளே அறியாமல் அவள் அதற்கு வாகனமாகவும் ஆகின்றாள் என்பது இன்னும் வருந்தத்தக்கது. நிரைக்கு நிரை நடக்கும்போது படங்கிலும் சேலையிலும் கூடையின் வெளிப்புறத்திலும் சிற்றுண்ணிகள் ஒட்டிக்கொண்டு நல்ல மலைக்குச் செல்கின்றன. காற்று தூக்கிச் செல்வதும் உண்டு. செடி வாடி உணவு குறைந்தால் இலையின் ஓரத்துக்கு வந்து, நூலில் தொங்கி, காற்று வந்ததும் நூலோடு பறந்துவிடும். வீடு கட்டிய நூலே அப்பொழுது பாய்மரம் ஆகின்றது. வண்டிப் பாதையோரச் செடிகளில் புழுதி படிந்தால் அங்கும் இவை பெருகுகின்றன. அனுபவமுள்ள கங்காணிமார் சிலந்தி விழுந்த மலையைக் கடைசியில் எடுப்பிப்பார்கள். அங்கிருந்து நேரே தராசடிக்குப் போகும்படி பார்த்துக்கொள்வார்கள். செலவு இல்லாத வைத்தியம் அது. செலவு இல்லாததனாலேயே பலர் அதனை மறந்துவிடுகின்றனர்.

நிழல் மரங்களைப் பற்றிய வழக்கு நெடுநாளையது. முருக்கும், தோட்டத்தார் சவுக்கு என்று அழைக்கும் கிரெவிலியாவும் தேயிலைக்கு மேலே நின்று வெயிலைச் சலித்துத் தருகின்றன. அந்நிழலில் இலை சூடேறுவதில்லை. செஞ்சிலந்தியும் வெளியில் பெருகுவதுபோல் பெருகுவதில்லை. காட்டு மரமாகிய தேயிலைக்குத் தன் பழைய வீட்டின் நினைவும் அங்கே சிறிது கிடைக்கின்றது. ஆனால் 1946இல் கொப்புள நோய் என்னும் பூஞ்சண நோய் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. இளந்தளிரில் கண்ணாடிபோலப் புள்ளி விழுந்து, வீங்கி, வெண்கொப்புளமாகி, இலையைச் சுருட்டும் அந்நோய்க்கு ஈரமும் நிழலுமே உணவு. நிழலைக் கழித்து வெயிலை விட்டால் கொப்புளம் அடங்கும். விட்ட அவ்வெயிலிலோ செஞ்சிலந்தி எழும். மழைக்காலத்து நோய்க்குச் செய்த சிகிச்சை கோடைகாலத்துப் பகைவனுக்கு விருந்தாயிற்று. ஆகவே எந்த மலையில் எத்தனை மரம், எந்த மாதத்தில் கிளை கழிப்பது என்பதை ஒவ்வொரு மலையையும் அறிந்தவரே முடிவு செய்ய இயலும். கொழும்பிலிருந்து ஒரே சுற்றறிக்கையில் இதனை முடித்துவிட நினைப்பது பேதைமை.

மருந்துகளின் கதை இதனினும் கசப்பானது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் டீ.டீ.ற்றீ உலகெங்கும் பரவியது. பூச்சிகளைக் கொல்வதில் அதற்கு நிகர் இல்லை என்று கொண்டாடினர். சிற்றுண்ணியோ பூச்சியன்று என்பதை முன்னரே கண்டோம். டீ.டீ.ற்றீயால் அதற்குப் பெருந்தீங்கு இல்லை. அதனைத் தின்று வாழ்ந்த சிறு வண்டுகளும் பிற பகைவருமே மடிந்தனர்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இது பெருங்காட்சியாகவே நிகழ்ந்தது. 1956இல் அந்நாட்டு வனத்துறையினர் ஒருவகைத் தளிர்ப்புழுவை ஒழிக்க ஏறக்குறைய 8,85,000 ஏக்கர் காட்டின்மேல் வானத்திலிருந்து டீ.டீ.ற்றீ தெளித்தனர். அடுத்த கோடையில் பார்த்தால் தெளித்த இடங்களில் ஊசியிலை மரங்கள் பழுப்பேறி நின்றன. தெளிக்காத காடு பசுமையாக இருந்தது. மரங்களைப் பழுப்பாக்கியவை செஞ்சிலந்தியின் இனத்தைச் சேர்ந்த சிற்றுண்ணிகள். றேச்சல் கார்சன் என்னும் அம்மையார் 1962இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டினார். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று நூலைப் பற்றியது. பகைவர் உள்ளவரை சிற்றுண்ணி தன் உணவின் ஒரு பகுதியை நூலாக்கி, நெருங்கிய குடிலுக்குள் ஒடுங்கி வாழ்கின்றது. பகைவர் ஒழிந்தபின் அரண் எதற்கு? குடி கலைந்து பரவுகின்றது. நூலுக்குச் செலவான வலிமையும் முட்டையாகின்றது. காவலாளரைக் கொன்றுவிட்டுக் கள்வனைப் பிடிக்கப் போன கதைதான்.

இலங்கைத் தேயிலை மலைகளிலும் இதற்கு நிகரான பாடம் நேர்ந்தது. அதிலும் நூல் நூற்கும் ஓர் உயிரே சம்பந்தப்பட்டது. அது இலை சுருட்டிப் புழு. இரண்டு இலைகளை நூலால் சேர்த்துத் தைத்து, அந்த உறைக்குள் இருந்து தின்னும். மலைநாட்டுக்கு அது பெருந்தொல்லையாக இருந்த காலத்தில், 1935, 1936ஆம் ஆண்டுகளில், யாவாவிலிருந்து மக்றோசென்றஸ் என்னும் சிறு குளவி வருவிக்கப்பட்டது. அக்குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். ஒரு முட்டை அங்கே ஒன்றாக நிற்பதில்லை. பிளந்து பிளந்து பல கருக்களாகின்றது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கும் மேலாக ஒரு முட்டைப் பிள்ளைகள்! அவை அனைத்தும் புழுவை உள்ளிருந்தே தின்று வெளிவந்து, சேர்ந்தாற்போல் கூடு கட்டிக்கொள்ளும். இக்குளவி மலைகளில் நிலைத்தது. இலை சுருட்டி அடங்கியது. சம்பளம் கேட்காத வேலையாள் கிடைத்ததுபோல் ஆயிற்று.

பின்னர் 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும், தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காகச் சில தோட்டங்களில் டீல்ட்ரின் என்னும் கடும் நஞ்சு தெளிக்கப்பட்டது. தெளித்த மலைகளில் இலை சுருட்டி மீண்டும் தலைதூக்கியது. முன்னர் பொருட்படுத்தாத வேறு புழுக்களும் பெருகின. நஞ்சு குளவிகளைக் கொன்றுவிட்டது. தெளித்தவர்கள் யார், எந்த உறை அணிந்து தெளித்தார்கள், அன்று மாலை லயத்துக்குத் திரும்பி எந்தத் தண்ணீரில் கை கழுவினார்கள் என்பதைப் பற்றிப் பூச்சிக் கணக்கு எழுதிய ஏடுகள் அதிகம் பேசவில்லை. டீ.டீ.ற்றீயும் டீல்ட்ரினும் 2001ஆம் ஆண்டு ஸ்ரொக்கோமில் நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் நஞ்சுப் பட்டியலில் ஏறின. அதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

இக்காலத்தில் செஞ்சிலந்திக்குப் பயன்படும் மருந்துகளுள் பழமையானது கந்தகம். நனையும் தூளாக நீரில் கலந்து தெளிப்பார்கள். அதுவும் குறையற்றதன்று, தெளித்தவுடன் கொழுந்து எடுத்தால் தேநீரில் கந்தக வாடை ஏறும். புதிய மருந்துகளும் இருக்கின்றன. ஆயினும் தேயிலை வாங்கும் நாடுகள் இன்று இலையில் எஞ்சிய மருந்தை நுண்ணளவில் அளந்து பார்க்கின்றன. எல்லை தாண்டினால் சரக்கு திரும்பும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரம், மருந்து ஆகியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடுத்து, அதே ஆண்டு கார்த்திகைக்குள் அத்தடையைத் தளர்த்த நேர்ந்ததையும் மலைநாடு கண்டது. நஞ்சை மட்டுமே நம்பியிருப்பது தவறு என்பதில் ஐயமில்லை. அதற்கு மாற்றாக நிற்கக்கூடிய வண்டையும் நிழலையும் காத்து வைக்காமல் ஒரே நாளில் கையை விரிப்பதும் அதற்குக் குறைந்த தவறன்று.

அந்த மாற்று மலையிலேயே இருக்கின்றது. ஸ்டெத்தோரஸ் என்னும் கறுத்த வண்டு ஒன்று உண்டு. கடுகில் பாதியளவுதான் இருக்கும். தாயும் குஞ்சும் செஞ்சிலந்தி முட்டைகளைத் தேடித் தின்று வாழும். சிற்றுண்ணியையே தின்னும் சிற்றுண்ணிகளும் உண்டு. வெளிறிய உடலும் விரைந்த நடையும் உடைய அவை நூற்குடிலுக்குள் புகுந்து முட்டைகளை உறிஞ்சும். இவற்றை அடையாளம் தெரியாமல், "ஏதோ ஊர்கின்றது, அடித்துவிடு" என்று மருந்து அடிப்பது வழக்கம். மாறாக, சிலந்தி விழுந்த செடிகளை மாத்திரம் கொடி கட்டிக் குறித்து, அவற்றுக்கு மாத்திரம் மருந்திட்டால், மற்றச் செடிகளில் இவ்வேலையாட்கள் பிழைத்திருப்பர். குறிப்பதற்கு வேண்டியது கண். ஒவ்வொரு செடியையும் வாரத்துக்கொருமுறை அருகே நின்று பார்க்கும் கண் தோட்டத்தில் ஒருவருக்கே இருக்கின்றது. அவர் துரையும் அல்லர், ஆராய்ச்சி உத்தியோகத்தரும் அல்லர். கொழுந்து பறிக்கும் பெண். அவள் சொன்ன சொல் நிரையிலேயே காற்றோடு போகாமல் கங்காணி வழியாகக் கணக்கப்பிள்ளைக்கும் அங்கிருந்து மேலேயும் அன்றைக்கே எட்டிய மலைகளில், ஒரு செடியில் தொடங்கியது ஒரு செடியோடு நிற்பதுண்டு. ஆனால் நின்று பார்த்து, கொடி கட்டிச் சொல்வதற்கு அவள் செலவிடும் நேரத்தைத் தராசு நிறுப்பதில்லை. அந்நேரத்துக்கும் கூலி கணக்கிட்ட தோட்டம் செஞ்சிலந்திக்கான மருந்துச் செலவில் அதனை மீட்டுக்கொள்ளும்.

ஐப்பசி பிறந்ததும் உடப்புசல்லாவையின் கிழக்கு வானம் கறுக்கத் தொடங்கும். முதற் பெருமழை இரவில் வரும். விடிந்து நிரையில் இறங்குபவர்கள் செப்பு நிற இலைகளைத் தொட்டால் நூல் ஒட்டாது. வெள்ளைச் சட்டைகளும் சிவந்த முட்டைகளும் கழுவுண்டு வேரடி மண்ணில் கிடக்கும். மழை எட்டாத உட்கிளையில், மடிந்த ஓர் இலையின் நரம்போரத்தில், சில இழைகளின் கீழே சில பெண் சிலந்திகள் அடுத்த கச்சானுக்காக ஒண்டியிருக்கும். மேலே, அதே கிளையில், புதிய கொழுந்து அரும்பத் தொடங்கியிருக்கும்.